‘என் லேப்டாப்ல ஓடுது சார்!’: ஜாவா படிக்கிறவங்க மேவன், கிரேடில், ஜேயூனிட்டை ஏன் விடக்கூடாது? எளிய விளக்கம்

"சார், என் லேப்டாப்ல நல்லா ஓடுது. இங்கதான் ஓட மாட்டேங்குது."

கல்லூரியில் புராஜெக்ட் டெமோ நாளன்று இந்த வசனத்தைக் கேட்காத ஆசிரியரே இருக்க மாட்டார். மாணவர் பொய் சொல்லவில்லை. அவர் லேப்டாப்பில் உண்மையிலேயே ஓடியிருக்கும். ஆனால் லேப் கம்ப்யூட்டரில் ஜாவா வெர்ஷன் வேறு, இருக்கும் லைப்ரரிகள் வேறு. அதனால் மூன்று மாத உழைப்பு ஒரு சிவப்பு எர்ரர் வரியில் நின்றுவிடுகிறது.

கல்லூரியில் நடந்தால் மார்க் போகும். வங்கியிலோ அரசுத் தளத்திலோ நடந்தால்? 2021 டிசம்பரில் உலகம் அதையும் பார்த்தது.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒரு வழித்தடமும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை இன்னொரு வழித்தடமும் அமைக்கப்பட்டு வருகின்றன. வடசென்னையில் படித்துவிட்டு ஓ.எம்.ஆர். ஐடி நிறுவனங்களுக்கு வேலை தேடிப் போகும் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் பலர் ஜாவா கற்கிறார்கள். ஆனால் 'புரோகிராம் எழுதத் தெரியும்' என்பதற்கும் 'புராஜெக்டை நடத்தத் தெரியும்' என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் மூன்று விஷயங்கள்தான் பில்ட் டூல், டிபெண்டன்சி மேலாண்மை, யூனிட் டெஸ்ட். இவற்றை மாதவரத்துக்காரர்களுக்குப் பழக்கமான கன்டெய்னரையும் பாலையும் வைத்தே புரிந்துகொள்வோம்.

சுருக்கமாக

• பில்ட் டூல்: உங்கள் கோடை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலையை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி செய்யும்.
• டிபெண்டன்சி: நீங்கள் எழுதாமல், மற்றவர்கள் எழுதியதை எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகள்.
• யூனிட் டெஸ்ட்: கோடின் ஒவ்வொரு சிறு பகுதியும் சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்க்கும் தானியங்கிப் பரிசோதனை.
• மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் ஆபத்து வரும்போது பயமில்லாமல் மாற்றம் செய்ய முடியும்.

2021 டிசம்பர் 10: ஒரு வரியால் பதறிய உலகம்

ஜாவா புரோகிராம்களில் 'யார் எப்போது உள்ளே வந்தார், என்ன தவறு நடந்தது' என்று குறித்து வைக்கப் பயன்படும் இலவச லைப்ரரி லாக்4ஜே. அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் தன்னார்வலர்கள் பராமரிப்பது. கடையில் இருக்கும் கணக்கு நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரிடமும் இருக்கும், யாரும் அதைப் பற்றி யோசிக்க மாட்டார்கள்.

2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் சாவ்ஜுன் இதில் ஒரு ஓட்டை இருப்பதாக அப்பாச்சிக்குத் தெரிவித்தார். டிசம்பர் 10-ம் தேதி வாக்கில் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. சிவிஇ-2021-44228 என்பது அதன் எண். 'லாக்4ஷெல்' என்பது எல்லோரும் சொல்லும் பெயர். ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து.

அப்படி என்ன ஓட்டை? குறிப்பு நோட்டில் எழுதப்படும் வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் இணைய முகவரி இருந்தால், லாக்4ஜே அதை வெறும் எழுத்தாகப் பார்க்காமல், அந்த முகவரிக்கே போய் அங்கிருப்பதைக் கொண்டுவரும். தாக்குபவர் தன் சர்வர் முகவரியைக் கொடுத்தால் போதும், அவர் வைத்திருக்கும் கோட் உங்கள் சர்வரில் ஓடிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டில் சாட் பெட்டியில் ஒரு வரி டைப் செய்தே இதைச் செய்து காட்டினார்கள். 2013-ல் வசதிக்காகச் சேர்த்த ஓர் அம்சம், எட்டு ஆண்டுகள் கழித்து வினையாக வந்து நின்றது.

அன்று வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க ஐடி குழுக்களுக்கு அந்த வார இறுதியில் லீவு கிடையாது. ஆனால் பல இடங்களில் முதல் கேள்வியே வேறு: "நம்ம சாஃப்ட்வேர்ல லாக்4ஜே இருக்கா, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்தவர்கள் அன்றிரவே வேலையை முடித்தார்கள். முடியாதவர்கள் வாரக்கணக்கில் தேடினார்கள். அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

பில்ட் டூல் என்றால் என்ன?

ஜாவாவில் நீங்கள் எழுதும் கோட் நேரடியாக ஓடாது. முதலில் அதைக் கம்பைல் செய்ய வேண்டும். தேவையான லைப்ரரிகளைச் சேர்க்க வேண்டும். டெஸ்ட் ஓட்ட வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் 'ஜார்' என்ற ஒரே ஃபைலாகக் கட்ட வேண்டும். இதைக் கையால் செய்தால் இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி வரும். இந்த வேலைகளை வரிசை மாறாமல் செய்து முடிப்பதுதான் பில்ட் டூல்.

இந்த யோசனை புதுசு இல்லை. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். ஜாவா உலகத்துக்கு 2000-ல் அப்பாச்சி 'ஆன்ட்' வந்தது. அதில் எந்த ஃபைலை எங்கே வைப்பது, எதை முதலில் செய்வது என்று எல்லாவற்றையும் நீங்களே எழுதித் தர வேண்டும். பத்து நிறுவனங்களில் பத்து விதமாக எழுதினார்கள்.

2004-ல் வெளியான அப்பாச்சி மேவன் 1.0 இதைத் தலைகீழாக்கியது. "நான் சொல்ற இடத்துல ஃபைலை வை, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்பதுதான் அதன் கொள்கை. மெயின் கோட் ஒரு ஃபோல்டரில், டெஸ்ட் கோட் இன்னொரு ஃபோல்டரில், புராஜெக்ட் விவரம் 'போம்.எக்ஸ்எம்எல்' என்ற ஒரே ஃபைலில். இதனால் மேவன் தெரிந்த ஒருவர் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் நாளே புராஜெக்டைத் திறந்து ஓட்டிவிடலாம்.

மேவனில் வேலைகள் ஒரு வரிசையில் நடக்கும்: சரிபார்த்தல், கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ், வெரிஃபை, இன்ஸ்டால், டிப்ளாய். நீங்கள் 'எம்விஎன் பேக்கேஜ்' என்று கட்டளை கொடுத்தால் அதற்கு முன்னால் உள்ள எல்லாப் படிகளும் தானாக நடக்கும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் ஜார் ஃபைல் உருவாகவே உருவாகாது. இது ரொம்ப முக்கியம். பரிசோதனையில் தேறாத சரக்கு வாசலைத் தாண்டக் கூடாது என்பது வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அப்போ கிரேடில்?

2012-ல் கிரேடில் 1.0 வந்தது. அடுத்த ஆண்டு கூகுள் அறிவித்த ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ கிரேடிலைத் தேர்ந்தெடுத்ததால், இன்று ஆண்ட்ராய்டு ஆப் எழுதுபவர்கள் எல்லோரும் அதைத் தொட்டே ஆக வேண்டும். மேவன் எக்ஸ்எம்எல் ஃபைலில் விவரம் கேட்கும். கிரேடிலுக்கு குரூவி அல்லது காட்லின் மொழியில் எழுத வேண்டும். மாறாத பகுதிகளை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டுவிடுவதால் பெரிய புராஜெக்டுகளில் கிரேடில் வேகமாக இருக்கும். ஆனால் சுதந்திரம் அதிகம் என்பதால் பில்ட் ஃபைலே ஒரு தனி புரோகிராம் அளவுக்குச் சிக்கலாகிவிடும் வாய்ப்பும் உண்டு.

எதைக் கற்பது? புதிதாகத் தொடங்குபவர்கள் மேவனில் ஆரம்பிக்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் நேராக கிரேடில். ஒன்று தெரிந்தால் இன்னொன்று ஒரு வாரத்தில் வந்துவிடும்.

'என் லேப்டாப்ல ஓடுது' பிரச்னைக்கு என்ன தீர்வு?

ஜாவா 21-ல் கம்பைல் செய்ததை ஜாவா 17 இருக்கும் கம்ப்யூட்டரில் ஓட்டினால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்ற எர்ரர் வரும். டெமோ நாளில் மாணவர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். பில்ட் ஃபைலில் "இந்த புராஜெக்ட் ஜாவா 17-க்கு" என்று எழுதிவிட்டால், 21 இருக்கும் லேப்டாப்பில் கம்பைல் செய்தாலும் 17-ல் ஓடும் வகையில் ஜார் தயாராகும்.

மேவன், கிரேடில் இரண்டிலும் 'ரேப்பர்' என்ற சிறிய ஸ்கிரிப்ட் உண்டு. அதை புராஜெக்டோடு சேர்த்து வைத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் மேவனோ கிரேடிலோ இல்லாவிட்டாலும் சரியான வெர்ஷனை அதுவே டவுன்லோடு செய்துகொள்ளும். "எந்த வெர்ஷன் இன்ஸ்டால் பண்ணணும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் வேலை மிச்சம்.

டிபெண்டன்சி: கன்டெய்னருக்குள் என்ன இருக்கு?

மாதவரம் உள்வட்டச் சாலையில் நின்று பார்த்தால் துறைமுகத்துக்குப் போகும், வரும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு கன்டெய்னர் பெட்டிக்கும் ஒரு எண் உண்டு. உள்ளே என்ன சரக்கு என்று பேப்பர் உண்டு. கதவில் சீல் உண்டு. சீல் எண் பேப்பரில் இருப்பதோடு ஒத்துப் போகவில்லை என்றால், பெட்டி சந்தேகத்துக்குரியது.

ஜாவா லைப்ரரிகளும் இப்படித்தான் பயணம் செய்கின்றன. உலகம் முழுக்க எழுதப்படும் லைப்ரரிகள் 'மேவன் சென்ட்ரல்' என்ற பொதுக் கிடங்கில் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதி கொண்ட விலாசம்: வெளியிடும் குழுவின் பெயர், லைப்ரரியின் பெயர், வெர்ஷன் எண். இந்த மூன்றையும் போம் ஃபைலில் எழுதினால் போதும், மேவன் அதைக் கொண்டுவந்து உங்கள் கம்ப்யூட்டரில் 'டாட் எம்2' என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும்.

சீல் எண்ணுக்குச் சமமானது 'செக்சம்'. ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண் அது. ஒரே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கிரேடிலில் எல்லா டிபெண்டன்சிகளின் செக்சமையும் ஒரு ஃபைலில் பதிந்து வைத்து, ஒத்துப் போகாவிட்டால் பில்டையே நிறுத்தும் வசதி இருக்கிறது. மேவன் சென்ட்ரலில் ஒருமுறை வெளியான வெர்ஷனை யாரும் மாற்ற முடியாது என்பதும் ஒரு பாதுகாப்பு. இன்று 2.17.1 என்று எடுத்தது ஐந்து வருடம் கழித்தும் அதே 2.17.1 ஆகத்தான் இருக்கும். அதனால்தான் 'லேட்டஸ்ட் எதுவோ அதைக் கொடு' என்று எழுதாமல், வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்காமலே வரும் சரக்கு

சிக்கல் இங்கேதான். நீங்கள் ஒரு லைப்ரரியைக் கேட்கிறீர்கள். அதற்கு வேறு ஐந்து லைப்ரரி தேவை. அந்த ஐந்துக்கும் ஆளுக்கு நான்கு தேவை. போம் ஃபைலில் பத்து வரி எழுதியவர் கடைசியில் நூறு ஜார் ஃபைலோடு வீட்டுக்குப் போவார். இவற்றை மறைமுக டிபெண்டன்சி என்கிறார்கள்.

லாக்4ஷெல் விஷயத்தில் நடந்ததும் இதுதான். கூகுளின் ஓபன் சோர்ஸ் ஆய்வுக் குழு அப்போது கணக்கிட்டதில், 35,000-க்கும் அதிகமான ஜாவா பேக்கேஜ்கள் பாதிக்கப்பட்டிருந்தன. மேவன் சென்ட்ரலில் இருப்பவற்றில் 8 சதவீதத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை லாக்4ஜேவை நேரடியாகக் கேட்டவை அல்ல. பல அடுக்கு கீழே, வேறு யாரோ கேட்டதால் உள்ளே வந்தது. "நாங்க லாக்4ஜே யூஸ் பண்ணலையே" என்று நம்பிக்கையாகச் சொன்ன பலருடைய மென்பொருளிலும் அது இருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே கட்டளை போதும். மேவனில் 'எம்விஎன் டிபெண்டன்சி:ட்ரீ'. கிரேடிலில் 'கிரேடில் டிபெண்டன்சிஸ்'. எது எதைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று மர வடிவில் காட்டிவிடும். உங்கள் கல்லூரி புராஜெக்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

ஒரே லைப்ரரி, இரண்டு வெர்ஷன்: யார் ஜெயிப்பார்?

'அ' என்ற லைப்ரரி ஒரு வெர்ஷனைக் கேட்கிறது. 'ஆ' வேறொரு வெர்ஷனைக் கேட்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. என்ன செய்வது?

இதில் மேவனும் கிரேடிலும் வேறு வேறு முடிவு எடுக்கும். மேவன், உங்கள் புராஜெக்டுக்கு எது கிட்டத்து உறவோ அதை எடுக்கும். இரண்டும் ஒரே தூரம் என்றால் போம் ஃபைலில் முதலில் எழுதியது ஜெயிக்கும். அது பழைய வெர்ஷனாகவும் இருக்கலாம். கிரேடில் வழக்கமாக இருப்பதிலேயே புதிய வெர்ஷனை எடுக்கும்.

இதன் விளைவு கம்பைல் செய்யும்போது தெரியாது. ஓடும்போது ஏதோ ஒரு பட்டனை அழுத்தியதும் 'நோ சச் மெத்தட் எர்ரர்' என்று விழும். கோடில் எந்தத் தப்பும் இருக்காது. மணிக்கணக்கில் தேடினாலும் கிடைக்காது. இப்படிப்பட்ட எர்ரர் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் டிபெண்டன்சி மரம்தான். எந்த வெர்ஷன் வேண்டும் என்று போம் ஃபைலில் 'டிபெண்டன்சி மேனேஜ்மென்ட்' பகுதியில் ஒரே இடத்தில் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்தது.

யூனிட் டெஸ்ட்: மாதவரம் பால் கற்றுத்தரும் பாடம்

மாதவரம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஆவின் பால் பண்ணை. பால் பண்ணை எதுவானாலும், டேங்கரில் வரும் பாலை முகர்ந்து பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று உள்ளே விட மாட்டார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத திடப்பொருள் எவ்வளவு, கலப்படம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பரிசோதிப்பார்கள். தேறினால்தான் அடுத்த கட்டம்.

யூனிட் டெஸ்ட்டும் அதேதான். மொத்த மென்பொருளையும் ஓட்டிப் பார்த்து "ஓடுதே" என்று சொல்வது பரிசோதனை ஆகாது. ஒவ்வொரு சிறு பகுதிக்கும் 'இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்' என்று எழுதி வைத்து, கம்ப்யூட்டரையே சரிபார்க்க வைப்பதுதான் யூனிட் டெஸ்ட்.

ஜாவாவில் இதற்கான கருவி ஜேயூனிட். 1997-ல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போன விமானத்தில் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து இதன் முதல் வடிவத்தை எழுதினார்கள். 2006-ல் ஜேயூனிட் 4, 2017-ல் ஜேயூனிட் 5 வந்தன. இன்று ஜாவா வேலைக்கு நேர்காணலுக்குப் போனால் ஜேயூனிட் பற்றிய கேள்வி வராமல் இருப்பது அரிது.

ஒரு உதாரணம் பார்க்கலாம்

பால் வகையைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன ஜாவா புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குறைந்தபட்ச அளவு இவை:

• டோன்டு பால்: கொழுப்பு 3 சதவீதம், இதர திடப்பொருள் 8.5 சதவீதம்
• நிலைப்படுத்தப்பட்ட பால்: கொழுப்பு 4.5, திடப்பொருள் 8.5
• முழு கொழுப்பு பால்: கொழுப்பு 6, திடப்பொருள் 9

பெரும்பாலான மாணவர்கள் கொழுப்பு 5 என்று கொடுத்துப் பார்ப்பார்கள். 'நிலைப்படுத்தப்பட்ட பால்' என்று வரும். "வேலை முடிஞ்சுது" என்று எழுந்துவிடுவார்கள். ஆனால் தப்பு ஒளிந்திருக்கும் இடம் எல்லைக்கோடு:

• கொழுப்பு சரியாக 4.5 என்றால்? 'அதிகமாக இருந்தால்' என்று எழுதியிருந்தால் இது டோன்டு பால் ஆகிவிடும். 'சமமாகவோ அதிகமாகவோ' என்று எழுதியிருக்க வேண்டும்.
• கொழுப்பு 6, திடப்பொருள் 8.9 என்றால்? கொழுப்பை மட்டும் பார்க்கும் புரோகிராம் முழு கொழுப்பு பால் என்று சொல்லும். அது தவறு. திடப்பொருள் போதாததால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.
• கொழுப்பு 2.9 என்றால்? மூன்று வகையிலும் சேராது. அதை புரோகிராம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.
• யாரோ தவறுதலாக மைனஸ் 3 என்று டைப் செய்தால்? ஏதோ ஒரு பதிலைச் சொல்லாமல் எர்ரர் காட்ட வேண்டும்.

இந்த நான்கும் நான்கு டெஸ்ட். ஒவ்வொன்றும் ஐந்தாறு வரிதான். ஆளுக்கு ஒரு தரம் எழுதிவிட்டால், அதன் பிறகு கோடில் யார் கை வைத்தாலும் சில விநாடிகளில் எது உடைந்தது என்று தெரிந்துவிடும். ஜேயூனிட் 5-ல் ஒரே டெஸ்டுக்குப் பல எண்களை அட்டவணையாகக் கொடுக்கும் வசதியும் உண்டு.

இன்னொரு பொறி தசம எண்கள். ஜாவாவின் 'டபுள்' வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசி இலக்கத்தில் கொஞ்சம் விலகும். அதனால் டெஸ்டில் 'இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை' என்று ஒரு வரம்பு கொடுக்க வேண்டும். பணக் கணக்கு என்றால் டபுளைத் தொடவே கூடாது, 'பிக்டெசிமல்' பயன்படுத்த வேண்டும்.

கொழுப்பு அளக்கும் மெஷின் கையில் இல்லையே, எப்படி டெஸ்ட் செய்வது? அதற்குத்தான் 'மாக்கிட்டோ' போன்ற கருவிகள். மெஷினுக்குப் பதிலாக "ரீடிங் 4.5" என்று மட்டும் சொல்லும் ஒரு போலியை உருவாக்கித் தரும். உங்கள் கோடின் தர்க்கம் சரியா என்று பார்க்க அது போதும்.

பச்சை நிறத்தை நம்பலாமா?

'பில்ட் சக்சஸ்' என்று வந்தால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். அதற்கு மேலே இருக்கும் வரியைப் படியுங்கள்: எத்தனை டெஸ்ட் ஓடியது?

மேவன், கிளாஸ் பெயரைப் பார்த்துத்தான் அது டெஸ்டா என்று முடிவு செய்யும். பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும் அல்லது 'டெஸ்ட்', 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்ட்கேஸ்' என்று முடிய வேண்டும். 'பால்செக்' என்று பெயர் வைத்தால், உள்ளே நூறு டெஸ்ட் எழுதியிருந்தாலும் ஒன்றுகூட ஓடாது. பில்ட் மட்டும் பச்சையாக வரும். பழைய புராஜெக்டில் டெஸ்ட் ஓட்டும் 'ஷ்யூர்ஃபயர்' பிளக்இன் 2.22-க்கு முந்தைய வெர்ஷனாக இருந்தாலும் இதே கதைதான். ஜேயூனிட் 5 டெஸ்டுகளை அது கண்டுகொள்ளாது.

அவசரத்தில் 'ஸ்கிப் டெஸ்ட்ஸ்' போட்டு ஓட்டுவதும் ஒரு பழக்கம். அது லாக்டோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டுப் பாலை பாக்கெட்டில் அடைப்பது போல.

மூன்றும் சேரும் இடம்

லாக்4ஷெல் ஓட்டையை யூனிட் டெஸ்ட் கண்டுபிடித்திருக்குமா? உங்கள் புராஜெக்டின் டெஸ்ட் கண்டுபிடித்திருக்காது. லைப்ரரி, தான் செய்ய நினைத்ததைத்தான் செய்தது. பிறகு டெஸ்டால் என்ன பயன்?

பயன் அடுத்த படியில் இருக்கிறது. அப்பாச்சி முதலில் 2.15.0 வெளியிட்டது. அது போதவில்லை என்று தெரிந்து டிசம்பர் 13-ல் 2.16.0. அடுத்து 2.17.0. மாத இறுதியில் 2.17.1. மூன்று வாரத்துக்குள் நான்கு முறை வெர்ஷன் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் "மாத்தினா வேற ஏதாவது உடையுமா?" என்ற பயம் இருக்கும்.

நல்ல டெஸ்ட் இருந்தவர்கள் போம் ஃபைலில் ஒரு வரியை மாற்றினார்கள், டெஸ்ட் ஓட்டினார்கள், பாஸ் ஆனதும் சர்வரில் ஏற்றினார்கள். டெஸ்ட் இல்லாதவர்கள் மொத்த மென்பொருளையும் கையால் சோதிக்க வேண்டியிருந்தது. டிபெண்டன்சி மரம் எங்கே ஓட்டை என்று காட்டியது. பில்ட் டூல் ஒரு வரியில் மாற்ற விட்டது. டெஸ்ட் தைரியம் கொடுத்தது. ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் அரைகுறை.

தாமதம் எவ்வளவு விலை என்பதற்கு 2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் ஒரு சாட்சி. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா லைப்ரரியில் ஓட்டை இருப்பதாகவும், சரிசெய்த வெர்ஷன் தயார் என்றும் மார்ச் மாதமே அறிவிப்பு வந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் ஒரு தளத்தில் அது மாற்றப்படவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தவர்களை ஜூலை இறுதியில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் சுமார் 14.7 கோடி பேரின் தனிப்பட்ட விவரங்கள் போய்விட்டன. வழக்கை முடிக்க நிறுவனம் குறைந்தது 57.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

இந்தியாவின் கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன், 2021 டிசம்பரிலேயே லாக்4ஜே பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. 2022 ஏப்ரல் 28-ல் வந்த அதன் உத்தரவுப்படி, சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். உள்ளே என்ன லைப்ரரி இருக்கிறது என்றே தெரியாத நிறுவனத்துக்கு 6 மணி நேரம் எந்த மூலைக்கு?

அதனால்தான் அடுத்த கட்டமாக 2024 அக்டோபரில், மென்பொருள் உட்பொருள் பட்டியல் குறித்த வழிகாட்டுதலை செர்ட்-இன் வெளியிட்டது. இதை 'எஸ்பாம்' என்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று போட்டிருப்பது மாதிரி, மென்பொருளுக்குள் எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்ற பட்டியல். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சைபர் பாதுகாப்பு விதிகளில் இதைச் சேர்த்தது.

இந்தப் பட்டியலைக் கையால் எழுத வேண்டியதில்லை. மேவன், கிரேடில் இரண்டுக்கும் 'சைக்ளோன்டிஎக்ஸ்' பிளக்இன் உண்டு. பில்ட் ஓடும்போதே பட்டியலும் தயாராகிவிடும். தெரிந்த ஓட்டை உள்ள லைப்ரரி இருக்கிறதா என்று பார்க்க 'ஓவாஸ்ப் டிபெண்டன்சி செக்' என்ற இலவசக் கருவி இருக்கிறது.

பாடத்திட்டத்தில் இருக்கிறதா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் ஜாவா வழியாக ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் கற்பிக்கப்படுகிறது. மேவன், கிரேடில், ஜென்கின்ஸ் ஆகியவை 'டெவ்ஆப்ஸ்' என்ற விருப்பப் பாடத்தில் வருகின்றன. அதாவது, அந்தப் பாடத்தை எடுக்காத மாணவர், நான்கு வருடமும் ஜாவா படித்துவிட்டு ஒரு போம் ஃபைலைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாள் கையில் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஃபைல் இருக்கும் புராஜெக்டைத்தான்.

இன்றே என்ன செய்யலாம்?

• பழைய கல்லூரி புராஜெக்ட் ஒன்றை எடுத்து மேவனுக்கு மாற்றுங்கள். கையால் காப்பி செய்த ஜார் ஃபைல்களை நீக்கிவிட்டு, போம் ஃபைலில் எழுதுங்கள்.
• ரேப்பர் சேருங்கள். ஜாவா வெர்ஷனைக் குறிப்பிடுங்கள்.
• டிபெண்டன்சி மரத்தை ஓட்டிப் பாருங்கள். யார் கூட்டி வந்தது என்று தெரியாத லைப்ரரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.
• ஜேயூனிட் போன்றவற்றை 'டெஸ்ட்' ஸ்கோப்பில் மட்டும் வையுங்கள். அப்போது வாடிக்கையாளருக்குப் போகும் ஜாரில் அவை ஏறாது.
• ஒரே ஒரு மெத்தடுக்கு நான்கு டெஸ்ட் எழுதுங்கள். எல்லைக்கோட்டு எண்களை மறக்காதீர்கள்.
• வேண்டுமென்றே கோடில் ஒரு தப்பு செய்து, டெஸ்ட் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காத டெஸ்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.
• கடைசியாக, புராஜெக்டை நண்பரின் லேப்டாப்பில் புதிதாக இறக்கி, ஒரே கட்டளையில் ஓட்டச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசிப் படி தேறிவிட்டால் டெமோ நாளில் பயம் இல்லை. "என் லேப்டாப்ல ஓடுது சார்" என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது. எந்த லேப்டாப்பில் போட்டாலும் ஓடும்.